தொண்ணூற்று நான்காம் பக்கத்துக் கணக்கு

ஈடன்ஃபெல்ட், கான்சாஸ்
1977 ஜூலை 11

அன்புள்ள தம்பி ஆர்லினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் வால்டோவும் பிள்ளைகளும் சுகம். ஒரிகன் கடற்காற்றில் நீயும் கேரலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? மே மாதக் கடிதத்தில் முதுகுவலி என்று எழுதியிருந்தாய். எக்ஸ்ரே எடுப்பவன் தன் முதுகை ஒரு படம் எடுத்துப் பார்க்கக் கூடாதா?

அறுவடை முடிந்தது. களஞ்சியம் நிறைந்து, மிச்சத்தை முற்றத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டிருக்கிறோம்.

ஃபென் டாக்டர் இறந்து மூன்று வருடமாகிறது. அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு மூச்சிரைத்தால் நாற்பத்தேழு மைல் ஓட்ட வேண்டும். நான் ஏன் நாற்பத்தொரு வயதில் புத்தகப் பையைத் தூக்குகிறேன் என்று கேட்பவர்களுக்கு அந்த நாற்பத்தேழைத்தான் சொல்கிறேன். ஆனாலும் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபை மினா பிடித்துக்கொண்டாள். "எல்டா, நீ டாக்டராகி வர்றதுக்குள்ள எங்களுக்கு மருந்து வேணாம்டி, சவப்பெட்டிதான் வேணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

விஷயம் இதுதான். வேதியியலும் உயிரியலும் இரண்டு வருடம் முடித்தாயிற்று. இனி கணக்கு. கல்லூரியில் மூன்று பாடம் இருக்கிறது: புள்ளியியல், வணிக மாணவர்களுக்கான நுண்கணிதம், அறிவியல் மாணவர்களுக்கான நுண்கணிதம். மருத்துவக் கல்லூரி அனுப்பிய விதிமுறைத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா போனபின் நான் எட்டாம் வகுப்போடு வீட்டுக்கு வந்தவள். நம் வீட்டில் கல்லூரிக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தவன் நீ ஒருவன்தான். எதை எடுக்கட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன்.

ஜெபத்தில் தினமும் உன் பெயர் உண்டு.

அன்பு அக்கா,
எல்டா


கேப் வாரன், ஒரிகன்
ஜூலை 29

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதமும் காய்ந்த ஸ்விபாக் ரொட்டியும் வந்தன. ரொட்டி மூன்றே நாளில் தீர்ந்தது. முதுகு பரவாயில்லை. கேரல் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

நீ வணிகப் பாடத்தையே எடு. வருடக்கணக்காக வீட்டுக் கணக்கு, கோழிக் கணக்கு, மழைக் கணக்கு எல்லாம் எழுதுகிறவள். அது உனக்குப் பழகின மொழியாக இருக்கும். அறிவியல் பிரிவில் நேற்றுத்தான் பள்ளி முடித்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வேகத்துக்கு ஓடி மூச்சு வாங்க வேண்டாம். தாளில் நுண்கணிதம் என்று கேட்டிருக்கிறார்கள், இதுவும் நுண்கணிதம்தானே.

ஒன்று சொல்லட்டுமா? இந்த ஆஸ்பத்திரியில் இருபது டாக்டர்கள் என் அறைக்கு வந்துபோகிறார்கள். ஒருத்தராவது நுண்கணிதம் போட்டு நான் பார்த்ததில்லை. போன வாரம் ஒருத்தர் மதியச் சாப்பாட்டுக் காசை நான்கு பேருக்குப் பிரிக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார்.

வால்டோ அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி,
ஆர்லின்


ஈடன்ஃபெல்ட்
ஆகஸ்ட் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நல்ல வெயில். சுகத்துக்குக் குறைவில்லை. சின்னவள் ஜூடித்துக்குப் பல்வலி வந்து போயிற்று. உங்கள் சுகத்தை எழுது.

நீ சொன்னபடி வணிகப் பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். அதற்கு முன் ஒரு தகுதித் தேர்வு வைத்தார்கள். நாற்பது கேள்வி. முப்பது வரை போட்டேன். கடைசிப் பத்துக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது: "உயர்நிலைப் பள்ளியில் முக்கோணவியல் படித்தவர்களுக்கு மட்டும்." நான் உயர்நிலைப் பள்ளி வாசலையே மிதிக்காதவள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண்ணைப் பார்த்த மேசைக்காரப் பெண், "உங்களுக்கு வணிகப் பிரிவே போதும்மா" என்றாள். நீ சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றாக இருந்ததால் இது கர்த்தர் காட்டும் வழி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் வாலிபப் பிள்ளைகள் நடுவில் என் முக்காட்டோடு நுழைந்தேன். ஒருத்தன் எழுந்து, "டீச்சர், உங்க மேசை அங்க முன்னால இருக்கு" என்று வழிவிட்டான். வால்டோவிடம் சொன்னேன். "அப்படியே போய் உக்காந்து சம்பளம் வாங்கியிருக்கலாமே" என்கிறார்.

உன்னுடைய பழைய நுண்கணிதப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கல்லூரியிலிருந்து வந்த வருடம் நீ பரணில் போட்டுப் போனது. ஓரங்களில் உன் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. உனக்கு வேண்டுமா?

அக்கா,
எல்டா


கேப் வாரன்
செப்டம்பர் 3

அன்பு அக்கா,

இங்கே எல்லோரும் நலம். வேலை அதிகம், இரண்டு வரிதான் எழுத முடிகிறது. பாடம் சேர்ந்தது சந்தோஷம்.

அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடு. பழைய பதிப்பு. இப்போது யாரும் அதைப் படிப்பதில்லை.

ஆர்லின்


ஈடன்ஃபெல்ட்
செப்டம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உடம்புகள் சுகம். மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

போன திங்கட்கிழமை வேதியியல் ஆசிரியை மிஸஸ் டால் என் பாடப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எல்டா, இதை யார் எடுக்கச் சொன்னது? மருத்துவக் கல்லூரி இதை ஏத்துக்காது. மூணாம் வரியைப் படிங்க" என்றார். படித்தேன். அறிவியல் மாணவர்களுக்கான நுண்கணிதம், ஒரு முழு வருடம். ஆர்லின், அந்த வரியை ஜூலையிலேயே நான் படித்திருக்கிறேன். வகுப்பில் உட்கார்ந்த தம்பி சொல்கிறான் என்று என் கண்ணை நம்பாமல் விட்டேன்.

அந்தப் பாடத்தின் முதல் பகுதி ஆகஸ்டில் மட்டும்தான் தொடங்கும். பெயர் மாற்றும் கெடு அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளியோடு போயிற்று. விட்டால் ஒரு வருடம். "இந்த வயசுல ஒரு வருஷம் தள்ளினா, விண்ணப்பத்தையே பிரிக்க மாட்டாங்க" என்று மிஸஸ் டால் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

அறிவியல் பிரிவு ஆசிரியர் திரு. ஹவ்லிக்கைப் போய்ப் பார்த்தேன். முன்கோபி என்று பிள்ளைகள் சொல்வார்கள். என் தகுதித் தேர்வுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"முப்பதுக்கு முப்பது சரி. அப்புறம் ஏன் ஒண்ணுமே எழுதலை? தூங்கிட்டீங்களா?"

"பள்ளியில படிச்சவங்களுக்கு மட்டும்னு போட்டிருந்துச்சுங்க. நான் படிக்கலை."

"தெரியாதா?"

"தெரியும். அடுப்படியில படிச்சேன். பள்ளியில இல்லையே. எழுதினா பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். "மிஸஸ் வோத், பத்தொம்பது வருஷமா இந்தத் தேர்வு வைக்கிறேன். தெரியாததைத் தெரியும்னு எழுதினவன் ஆயிரம் பேர். இப்படி ஒருத்தர் இன்னைக்குத்தான். உக்காருங்க. அந்தப் பத்தையும் என் முன்னால போடுங்க."

போட்டேன். ஒன்பது சரி. பத்தாவதில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டேன். என் தலை வீங்காமலிருக்கக் கர்த்தர் வைத்த குறி அது.

முதல்வரிடம் அவரே பேசினார். ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். அக்டோபர் 21 தேர்வில் எண்பது வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெளியே. வணிகப் பாடத்துக்கும் திரும்ப முடியாது.

நீ அந்தத் தாளைப் படித்தாய் அல்லவா, ஆர்லின்? மூன்றாம் வரியைப் பார்த்தாயா?

அக்கா


ஈடன்ஃபெல்ட்
அக்டோபர் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபாலில் தவறியிருக்கலாம். இங்கே சுகம். கோதுமை விதைத்தாயிற்று, ஈரமும் நல்ல ஈரம்.

கோபமாக எழுதினேனோ என்று நினைக்காதே. இன்று எழுதுவது வேறு விஷயம். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். வால்டோவிடம் சொன்னேன், "நல்லாத்தான் இருக்கு, டிராக்டருக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

திரு. ஹவ்லிக் பலகையில் ஒரு வளைகோடு போட்டார். ஒரு புள்ளியைத் தொட்டு, "இது எவ்வளவு உயரம்னு எல்லாரும் கேப்பாங்க. நாம அதைக் கேக்கப் போறதில்லை. இந்த நொடியில எவ்வளவு வேகமா ஏறுது, அதைக் கேக்கப் போறோம்" என்றார். என் கையிலிருந்து பென்சில் உருண்டு கீழே விழுந்துவிட்டது.

கென்னிக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது உனக்கு நினைவிருக்கும். 1961 ஜூலை, அறுவடை மத்தியானம். கால் மணிக்கு ஒரு தரம் சூடு பார்த்துக் கையில் கிடைத்த காகிதத்தில் எழுதினேன். 101. பிறகு 101.4. பிறகு 102.2. பிறகு 103.6. பக்கத்தில் ஏற்றத்தையும் எழுதினேன்: 0.4, 0.8, 1.4. ஏன் எழுதினேன் என்று தெரியாது. ஃபென் டாக்டரைக் கூப்பிட்டபோது, அறுவடை நேரத்தில் பிள்ளைகளுக்கு வெயில் காய்ச்சல் சகஜம் என்றார். "டாக்டர், நூத்தி மூணு என்னைப் பயமுறுத்தலை. அது ஏறி வர்ற விதம்தான் பயமுறுத்துது" என்றேன். அவர் அந்த எண்களைப் படிக்கச் சொன்னார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பையன் பிழைத்தான்.

பதினாறு வருடம் கழித்து ஒருத்தர் சுண்ணாம்புக்கட்டியால் அதைப் பலகையில் எழுதுகிறார், அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், முந்நூறு வருடமாக உலகத்துக்கே தெரியும். தொட்டில் பக்கத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். தனியாக இல்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் படைத்தவர் ஒரு சட்டம் வைத்து, அதை ஒரு தாய் விரலால் தடவிப் பார்க்கும்படியும் விட்டிருக்கிறார். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணினேன். துடைக்க வந்தவர், "முடிச்சிட்டீங்களாம்மா, அழிக்கலாமா?" என்று காத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அவர் ஒரு கோதுமைக் குவியல் கணக்குப் போட்டார். அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

கேரலுக்கு என் அன்பு.

எல்டா


ஈடன்ஃபெல்ட்
அக்டோபர் 22

தம்பி ஆர்லினுக்கு,

நேற்றுத் தேர்வு எழுதிவிட்டேன். முடிவு அடுத்த வாரம். ஒரு கேள்வியில் நேரம் போதவில்லை.

உனக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்து வியாழக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். "நல்லாத்தான் இருக்கார் அண்ணி, உங்க கடைசிக் கடிதம் ரெண்டும் மேசை மேலதான் இருக்கு, திரும்பத் திரும்பப் படிக்கிறார்" என்றாள் கேரல். அது போதும். சுகமாக இருக்கிறாய். எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

குளிர் வந்துவிட்டது. முதுகைப் போர்த்திக்கொள்.

எல்டா


கேப் வாரன்
அக்டோபர் 30

அக்கா,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்றாம் வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

1958-இல் எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை. கர்த்தர் என்னைச் சேவைக்குக் கூப்பிட்டார், அதனால் மருத்துவப் படிப்பை விட்டு மனநல ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்யப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். சபையே எழுந்து நின்று நான்கு குரல் பிரித்துப் பாடியது. அப்பா அழுதார். உண்மை என்னவென்றால் நான் நுண்கணிதத்தில் தோற்றேன். கல்லூரி என்னை வெளியே அனுப்பிவிட்டது. என் தோல்விக்குக் கர்த்தருடைய பெயரைப் போர்த்தினேன். பத்தொன்பது வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அதே போர்வை.

நீ கேட்டபோது, உனக்கும் அந்த அவமானம் வரக் கூடாது என்று சுலபமான வழியைச் சொல்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் அது. மறுபாதி, நீ தேறிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எட்டாம் வகுப்போடு நின்று, எனக்குச் சட்டை தைத்து அனுப்பின அக்கா தேறிவிட்டால், நான் தோற்றதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

நீ கோதுமைக் குவியல் என்று எழுதியதைப் படித்த அன்று படுக்கைக்குப் போக முடியவில்லை. என்னை முறித்தது அந்தக் கணக்குதான். கோதுமைக் குவியல் மேல் ஏறி விளையாடி வளர்ந்தவன், அக்கா. அந்தக் கணக்கை என்னால் போட முடியவில்லை.

உன் வருடத்தை நான் கெடுத்திருந்தால் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது?

ஆர்லின்


ஈடன்ஃபெல்ட்
நவம்பர் 12

என் அன்புத் தம்பிக்கு,

உனக்குச் சமாதானம் உண்டாவதாக. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: எண்பத்து மூன்று. திரு. ஹவ்லிக் தாளைக் கையில் கொடுத்து, "மூணு மதிப்பெண் மிச்சம் பிடிச்சிருக்கீங்க, வீண் செலவு பண்ணாதீங்க" என்றார். மினாவுக்குச் செய்தி எட்டியதும் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சரிடி, பெட்டிக்குச் சொல்லி வச்சதை வேணாம்னு சொல்லிடறேன்" என்கிறாள். பாதிப் பலகாரத்தை அவளே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

இனி உன் விஷயம். ஆர்லின், எனக்குத் தெரியும். 1959-இலிருந்து தெரியும்.

அந்த வருடம்தான் பரணிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து உன் பென்சில் வரிசையாக வருகிறது. தொண்ணூற்று நான்காம் பக்கத்தில், பதினேழாவது கணக்கில், காகிதம் கிழியும்படி ஒரு அடித்தல். அதன் பிறகு நானூறு பக்கம் சுத்தம். அழைப்பு வந்தவன் புத்தகத்தை அப்படி அடிக்க மாட்டான். அப்பாவிடம் சொல்லவில்லை. வால்டோவுக்குக்கூட இன்றுவரை தெரியாது.

என் தப்பையும் சொல்ல வேண்டும். ஜூலையில் உன்னிடம் கேட்டது பாதிதான் வழி கேட்டது. மறுபாதி, நீ மனம்விட்டுச் சொல்ல ஒரு கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன். நேராகக் கேட்டிருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் தம்பியைத் தனியாகச் சுமக்க விட்டவள் நான். நீயும் என்னை மன்னித்துவிடு.

கர்த்தர் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஒன்று தவிர. அழைப்பு முதலில் பொய்யாக இருந்திருக்கலாம். ஆனால் நீ போனாய். இரண்டு வருடம் அந்த நோயாளிகளைக் குளிப்பாட்டினாய், ஊட்டினாய். அது பொய்யில்லை.

புத்தகத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தூக்கிப் போடுவதென்றால் நீயே போட்டுக்கொள். அதற்கு முன் தொண்ணூற்று நான்காம் பக்கத்தை ஒரு தரம் திறந்து பார்.

அக்கா,
எல்டா


கேப் வாரன்
டிசம்பர் 4

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும், அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இதை எழுதும்போது நான் சுகமாக இருக்கிறேன். எத்தனையோ வருடம் கழித்து இதை வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை.

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு நாள் பிரிக்கவில்லை. பிறகு கேரலைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பிரித்தேன். "இவ்வளவுதானா? நான் வேற ஏதோ பொம்பளைன்னு பயந்துட்டிருந்தேன்" என்று என் தோளில் ஒன்று வைத்தாள்.

தொண்ணூற்று நான்காம் பக்கத்தைத் திறந்தேன்.

நிமிஷத்துக்கு முப்பது கன அடி கோதுமை கொட்டுகிறது. அடிவட்டத்தின் ஆரம் எப்போதும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம் ஐந்து அடி இருக்கும்போது குவியல் என்ன வேகத்தில் உயர்கிறது? அதன் மேல் என் அடித்தல். அதன் கீழே, அக்கா, உன் கையெழுத்து. பொடி எழுத்தில், பக்கத்தின் அடி வரைக்கும், அப்புறம் ஓரமாகத் திரும்பி மேலே ஏறி, நாற்பது வரி. ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு உயரும், அரை நிமிஷத்துக்கு எவ்வளவு, கால் நிமிஷத்துக்கு எவ்வளவு என்று நறுக்கி நறுக்கிக் கழித்துப் பார்த்திருக்கிறாய். சூத்திரம் தெரியாமல், சொல்லித்தர ஆளில்லாமல், கையால் தேடிப் போயிருக்கிறாய். கடைசி வரியில் 1.15 அங்குலம். தேதி, 1961 ஜூலை 9.

அதற்கு எதிர்ப்பக்க ஓரத்தில் அதே பென்சிலால் 101, 101.4, 102.2, 103.6.

கையில் கிடைத்த காகிதம் என்று எழுதினாயே. அது இதுதானா? நான் கிழித்த பக்கத்தில் நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதா கென்னிக்குக் காய்ச்சல் ஏறியது? கால் நிமிஷ ஏற்றத்தைக் கழித்துப் பார்த்த கைதான் கால் மணி ஏற்றத்தையும் கழித்துப் பார்த்ததா? நான் அந்தப் பக்கத்தைக் கேரலிடம் காட்டினேன். ஆஸ்பத்திரியில் பதினேழு வருடமாக மனித உடம்பின் உள்ளே பார்க்கிறேன். இதற்கு முன்னால் நின்ற மாதிரி எதற்கு முன்னாலும் நான் நின்றதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறோம். சபையில் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். பெரியவரிடம் நீயே முன்கூட்டிச் சொல்லி வை. மினா அக்கா என்ன சொல்வாள் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

நேற்று பதினேழாவது கணக்கைப் போட்டேன். ஹவ்லிக்குக்கு மூன்று வரி ஆகியிருக்கும், எனக்குப் பதினொன்று ஆயிற்று. நான்கு தரம் அழித்தேன். வந்த விடை 1.15. உன் நாற்பதாவது வரிக்குக் கீழே இடமில்லாததால், என் பழைய அடித்தலுக்கு மேலேயே எழுதினேன்.

பிறகு பக்கத்தைத் திருப்பினேன். பத்தொன்பதாவது கணக்கில் ஓர் ஏணி சுவரில் சறுக்குகிறது. அடிப்பக்கம் ஒரே வேகத்தில்தான் நகர்கிறது, மேல்பக்கம் மட்டும் ஏன் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்குத் தேர்வு முடிந்தபின், நேரமிருந்தால், எங்கே ஆரம்பிப்பது என்று மட்டும் எழுது. விடையைச் சொல்லிவிடாதே.

உன் தம்பி,
ஆர்லின்